நல்ல பீஸில் பென்சில் படக்கூடாது

மண்ணூர்பேட்டையில் போய் பேபி என்று கேட்டால், "எந்த பேபி, சண்டைக்கார பேபியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரி நர்ஸ் "பேபி நல்லாயிருக்கு" என்று சொல்லிக் கையில் கொடுக்க, அதையே பெயராக வைத்துவிட்டார் அப்பா அய்யாசாமி. அன்றைக்கு அது கத்திய கத்தலைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் வேறு ஏதாவது பெயர் யோசித்திருப்பார்.

அவளைச் சண்டைக்காரி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவது சுலபம். எல்லோரும் அப்படித்தான் போனார்கள். ஆனால் அவள் வயிறு எதற்காக எரிந்தது என்று யாரும் கேட்டதில்லை. அய்யாசாமி கூலிக்கு நடவு நட்ட நிலத்தில்தான் அம்பத்தூர் எஸ்டேட் எழும்பியது. நிலத்துக்காரர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. சேற்றில் நின்றவனுக்கு என்ன கிடைத்தது? அதே இடத்தில் கட்டிய கம்பெனி வாசலில் மூட்டை தூக்குகிற வேலை கிடைத்தது. "நெலம் எவனுதோ, இடுப்பு ஒடிஞ்சது எங்க நைனாவுக்கு" என்று பேபி சொல்லாத நாள் கிடையாது.

எட்டாவது படிக்கும்போது ஒருநாள் வகுப்பில் தூங்கி விழுந்தாள். கணக்கு வாத்தியார் டஸ்டரை விட்டெறிந்தார். குறி தப்பாமல் நெற்றியில் பட்டது. பேபி எழுந்தாள், டஸ்டரைப் பொறுக்கினாள், திருப்பி எறிந்தாள். அவளுக்கும் குறி தப்பவில்லை. விடியும் முன் எழுந்து லாரித் தண்ணீருக்கு நின்றுவிட்டு வந்த பிள்ளை அது என்று வாத்தியாருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் உத்தேசமும் அவருக்கு இல்லை. அத்தோடு படிப்பு முடிந்தது.

பதினெட்டு வயதில் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனிக்குள் நுழைந்தாள். லாரிக்கும் வேனுக்கும் அடியில் அதிர்வு தாங்கப் போடுகிற ரப்பர் வளையம், அதாவது புஷ், செய்கிற இடம். முதலில் துடைப்பம், பிறகு பேக்கிங், அதன் பிறகு இன்ஸ்பெக்‌ஷன் மேஜை. செய்து வந்த சரக்கை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, காற்றுக் குமிழி இருக்கிறதா, விளிம்பு பிய்ந்திருக்கிறதா, உள் ஓட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீளமான மேஜை, இரண்டு பக்கமும் பெண்கள், மேலே டியூப் லைட். பேபி அங்கே உட்கார்ந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. மேஜைக்கு அவள்தான் சீனியர். கம்பெனி கொடுத்த பதவி இல்லை அது. கத்துகிற தெம்பு அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

அந்த மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. கதையே அதில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று கேளுங்கள். பென்சில் கெட்டதற்கு மட்டும்தான். மஞ்சள் மெழுகுப் பென்சில் ஒன்று ஆளுக்குக் கொடுப்பார்கள். குறை உள்ள பீஸில் ஒரு கோடு. கோடு விழுந்தது ரிஜக்ட் தொட்டிக்குப் போகும். நல்ல பீஸை ஒன்றும் செய்யக்கூடாது, அப்படியே நகர்த்திவிட வேண்டும். நல்லதில் மஞ்சள் பட்டுவிட்டால் துடைத்தாலும் முழுசாகப் போகாது. வண்டிக் கம்பெனிக்காரன் அதைப் பார்த்தால் அந்த லாட் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவான். நல்லதா கெட்டதா என்று சந்தேகமாக இருந்தால்? அப்போதும் கோடுதான்.

நஜ்மா வந்த புதிதில் இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டாள். பூந்தமல்லியிலிருந்து வருகிற பெண். ஒன்பதாவது வரை படித்தவள், மேஜையிலேயே வயதில் சின்னவள். பள்ளிக்கூடப் பழக்கத்தில் நல்ல பீஸ் ஒவ்வொன்றிலும் அழகாக ஒரு டிக் போட்டு வைத்திருந்தாள். தட்டு முழுக்க மஞ்சள் டிக். பேபி பார்த்தாள்.

"இன்னாமே இது? நல்லத எதுக்குமே தொடுற? நல்லா கீதுன்னா அதும்பாட்டுக்கு உட்டுடு. கெட்டதுக்குத்தான் பென்சிலு. இன்னொரு வாட்டி நல்லதுல கைய வெச்ச, கைய ஒடிச்சிடுவேன்."

நஜ்மா அன்று பூராவும் அழுதாள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பிங்கில் பேபி ஒரு சமோசாவை வாங்கி அவள் கையில் திணித்தாள். அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு அவ்வளவுதான். அதற்குப் பிறகு நஜ்மா அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள், நல்லதில் ஒருநாளும் பென்சில் வைக்கவில்லை.

தொண்ணூற்றேழில் கம்பெனிக்கு ஐ.எஸ்.ஓ. ஆசை வந்தது. எஸ்டேட்டில் அப்போது அது ஒரு ஜுரம். வெளிநாட்டுச் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டினால்தான் பெரிய வண்டிக் கம்பெனிகள் மதிக்கும் என்று ஆகிவிட்டது. வாசலுக்கு வெள்ளையடித்தார்கள், பாத்ரூமுக்குக் கதவு போட்டார்கள். பெண்கள் பத்து வருஷமாகக் கேட்ட கதவு, சான்றிதழுக்குச் சோதனை போட ஆடிட்டர் வருகிறான் என்றதும் ஒரே நாளில் வந்தது. அதைப் பார்த்தே பேபிக்கு எரிச்சல்.

அதன் பிறகு சூப்பர்வைசர் கோதண்டம் மேஜைக்கு வந்தார். அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. மேலே சொன்னதைக் கீழே வந்து சொல்கிற ஆள்.

"பேபிம்மா, இன்ஸ்பெக்‌ஷன் பண்றவங்களுக்கெல்லாம் சர்டிபிகேட் வேணுமாம். இல்லாதவங்க இந்த மேஜைல உக்காரக் கூடாதாம். ஆடிட்டர் கேப்பாராம்."

"பதினாலு வருஷமா பாத்துகினு கீறேன். எங்கையில பாத்து அனுப்புன சரக்குலதான் அவன் வண்டியே ஓடுது. இப்ப வந்து சர்டிபிகேட்டுன்றான்?"

"எங்கிட்ட கத்தி என்னம்மா பண்றது? கோவில்பதாகைல சமுதாயக் கல்லூரின்னு ஒண்ணு வந்திருக்கு. ஒரு வருஷம் சாயங்கால கிளாஸ். குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன் கோர்ஸ் இருக்கு. பத்தாவது கூட வேண்டாமாம். சேந்துட்டேன்னு ஒரு சீட்டு கொண்டுவந்துட்டா, முடிக்கிற வரைக்கும் மேஜைல விட்டுவைப்பாங்க."

ஆக, பேபிக்கு மேஜை வேண்டுமானால் அந்தக் கல்லூரியில் இடம் வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

ஆவடி ஸ்டேஷனிலேயே அந்தக் கல்லூரியின் விளம்பரப் பலகை இருந்தது. ஏதோ ஒரு டிரஸ்ட் நடத்தியது. 'மதிப்பெண் தேவையில்லை. டி.சி. தேவையில்லை. கற்கும் ஆர்வம் போதும். அனைவரும் வரலாம்.' படித்துவிட்டு பேபி முதல்முறையாக ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னாள். "இவன் மனுஷன்" என்றாள்.

மேஜையிலிருந்து ஆறு பேர் கிளம்பிப் போனார்கள். பேபி, நஜ்மா, இன்னும் நான்கு பேர். அங்கே போனால் வாசலில் ஒரு கும்பல். பத்தாவது தேறியவர்கள், பிளஸ் டூ முடித்துவிட்டு வேலை கிடைக்காதவர்கள், எல்லோரும் வந்து நின்றார்கள். எஸ்டேட்டில் வேலை கிடைக்கும் என்று செய்தி பரவியிருந்தது. இருக்கிற இடமோ கொஞ்சம். டிரஸ்ட்காரர்கள் யோசித்தார்கள். யோசித்து, படித்தவர்களுக்கு எப்போதும் தோன்றுகிற ஒரே யோசனையைக் கண்டுபிடித்தார்கள். நுழைவுத் தேர்வு.

எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பரீட்சை பரீட்சையாக வைத்து வெளியே தள்ளியவர்களுக்காகத் திறந்த கதவு அது. அந்தக் கதவிலும் கொண்டுபோய் ஒரு பரீட்சையை நிறுத்திவைத்தால் அதற்கு என்ன அர்த்தம்? 'அனைவரும் வரலாம்' பலகையை மட்டும் எடுக்கவில்லை. அதற்குக் கீழேயே தேர்வுத் தேதியை ஒட்டினார்கள். வயது வரம்பு முப்பத்தைந்து என்று இன்னொரு வரி. பேபிக்கு அந்த வருஷம் முப்பத்தைந்து. இந்தத் தடவை விட்டால் அவளுக்கு அடுத்த தடவை கிடையாது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தார்கள். நஜ்மா கேட்பாள், மற்றவர்கள் சொல்வார்கள். கணக்கு பேபிக்கு நன்றாகவே வந்தது. டஸ்டர் எறிந்த வாத்தியார் அதைப் பார்க்கவில்லையே என்று கோபித்துக்கொண்டே கற்றுக்கொண்டாள்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஹாலில் கண்காணிக்க ஒரு இளைஞன் நின்றான். டை கட்டியிருந்தான். பேபி தன் நம்பரைக் காட்டி எங்கே உட்காருவது என்று கேட்டாள்.

அவன் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னான்.

"தமிள்ல சொல்லு நைனா" என்றாள்.

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "நம்பர் கூடப் படிக்கத் தெரியாதா? டெஸ்ட் எழுத வந்திருக்கீங்க. கைநாட்டு வைக்கிற இடம் இதில்லம்மா" என்றான். முன் பெஞ்சிலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

பேபி பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. கத்த வேண்டிய இடத்தில் கத்தாமல் அடக்கிக்கொண்டாள், காரியம் கெட்டுவிடக் கூடாது என்று. அடக்கிய கோபம் உள்ளே கிடந்து கனன்றது. இனி இவனிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று முடிவு கட்டினாள். தன் ஆட்கள் யாரும் கேட்கக் கூடாது என்றும் அவளே முடிவு கட்டினாள்.

கேள்விகள் தமிழில் இருந்தன. விடைத்தாள் மட்டும் வடக்கே எங்கிருந்தோ அச்சடித்து வந்திருந்தது. மேலே நான்கு வரி ஆங்கிலம். கீழே ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு நான்கு வட்டம். ஆளுக்கு ஒரு பென்சில் கொடுத்தார்கள். "இன்ஸ்ட்ரக்‌ஷன் படிச்சுட்டு ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு டை கட்டியவன் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

பேபி பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பதிலை எழுதத்தான் வேண்டும். வட்டத்தைக் கறுப்பாக்குகிற வேலை அவள் கேள்விப்படாதது. முதல் கேள்வி, ஒரு டஜன் என்பது எத்தனை? பத்து, பன்னிரண்டு, இருபது, இருபத்து நான்கு. நான்கு கிடக்கிறது, ஒன்று நல்லது, மூன்று கெட்டது, கையில் பென்சில். பதினான்கு வருஷமாக அவள் பார்த்த வேலை வேறென்ன? பன்னிரண்டைத் தொடாமல் விட்டாள். மற்ற மூன்று வட்டத்தையும் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கினாள். அடுத்த கேள்விக்குப் போனாள். மற்ற நான்கு பேரும் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார்கள். பார்க்காவிட்டாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

நஜ்மா மட்டும் பென்சிலை வைத்துக்கொண்டு விழித்தாள். அவளுக்கு ஏதோ உறுத்தியது. பள்ளிக்கூடத்தில் சரிக்குத்தானே டிக்? மெல்லக் கையைத் தூக்கினாள், டை கட்டியவனைக் கேட்டுவிடலாம் என்று.

பக்கத்திலிருந்த பேபி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"அந்தப் பேமானிகிட்ட எதையும் கேக்காத. அப்பால அதுக்கும் சிரிப்பானுங்க. நாம பண்ற வேலதான் இது. போடு."

நஜ்மா பேபியின் தாளைப் பார்த்தாள். போட்டாள்.

மூன்று வட்டம் கறுப்பாக்க நேரம் பிடிக்கும். மற்ற பிள்ளைகள் முடித்து எழுந்து போய்க்கொண்டே இருந்தார்கள். பேபிக்கு அவர்கள் மேல் இளக்காரம். அரைகுறையாகச் செய்துவிட்டு ஓடுகிறதுகள் என்று நினைத்தாள். உலகத்திலுள்ள நாடுகள் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கிற சபை எந்த ஊரில் இருக்கிறது என்று ஒரு கேள்வி. அவளுக்குத் தெரியவில்லை. சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை, நான்கையும் கறுப்பாக்கினாள். ஆறு பேரும் கடைசியாக வெளியே வந்து, கை வலிக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு ஆவடி ஸ்டேஷனுக்கு நடந்தார்கள்.

முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். ஆறு பெயருக்கும் நேரே பூஜ்யம். தேறாதவர் பெயரை மட்டும் விட்டுவிட்டு ஒட்டியிருக்கலாம். அந்த இங்கிதம் கூட இல்லை. கோதண்டம் கம்பெனியில் வந்து சொல்லும் முன்பே ரப்பரை அச்சில் வார்க்கிற மோல்டிங் பக்கத்து ஆண்களுக்குச் செய்தி போயிருந்தது. "இன்னா பேபி, இன்னிக்கி முட்ட போண்டாவா?" என்று ஒருவன் கேட்டான். அவனுக்குக் கிடைத்ததை இங்கே எழுத முடியாது.

மறுநாள் பேபி நஜ்மாவை இழுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனாள். பொறுப்பாளர் ஜானகிராமன் என்பவர். ஏதோ பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, சேவை செய்ய வந்தவர். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். விடைத்தாள்களை எடுத்து மேஜையில் பரப்பினார்.

"பாருங்கம்மா. ஆறு பேரும் ஒரே மாதிரி. ஒவ்வொரு வரியிலயும் மூணு வட்டம், சிலதுல நாலு. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதினாலும், கொஞ்சம் புரிஞ்சு எழுதியிருக்கலாம். ஒரு வட்டம்தான் போடணும், சரியான பதில்ல."

பேபி தாளைப் பார்த்தாள். அவருடைய வாயைப் பார்த்தாள். சரியானதில் பென்சிலா? விஷயம் தலைக்குள் இறங்க ஒரு நிமிஷம் ஆனது. அப்புறம் சொன்னாள், எல்லாவற்றையும். மேஜை, மஞ்சள் பென்சில், நல்லதைத் தொடக்கூடாது என்கிற சட்டம், எல்லாம்.

ஜானகிராமன் கண்ணாடியைக் கழற்றினார். "அட, இது புதுசா இருக்கே" என்று சிரித்தார். நல்ல சிரிப்புதான். பேபி தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"சிரிக்காத சார். நாங்க உட்டதெல்லாம் பாரு. கறுப்பு இல்லாதத எண்ணு. அதான் நாங்க சொன்ன பதிலு. தப்பு இருந்தா தப்புன்னு போடு, ஒத்துக்குறேன். இருக்கறத இல்லன்னு போடாத."

"உங்களுக்கு அப்படிப் பாத்தா எல்லாருக்கும் அப்படிப் பாக்கணும்."

"பாரேன். யார் வோணான்னது?"

"முறைன்னு ஒண்ணு இருக்கும்மா. மேலயே இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டிருக்கு. அதைப் படிச்சு அது மாதிரி நடக்கத் தெரியுதான்னு பாக்கறதும் டெஸ்ட்தான்."

"இங்கிலீஷு தெரிஞ்சா நான் ஏன் சார் உன் வாசல்ல வந்து நிக்கிறேன்? அல்லாரும் வரலாம்னு தமிள்ல எய்தி மாட்டிகினு, உள்ள கூப்ட்டு இங்கிலீஷ்ல கதவ சாத்துவியா?"

அவருக்கு முகம் கறுத்தது. கோபப்படவில்லை, பொறுமையாகப் பேசினார். அந்தப் பொறுமையைத்தான் பேபியால் தாங்க முடியவில்லை.

"சரி. படிக்கத் தெரியல. ஆறு பேர்ல ஒருத்தர் கையைத் தூக்கிக் கேட்டிருக்கலாமே? ஹாலைப் பாத்துக்கிறவர் அங்கதானே உக்காந்திருந்தார்? ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாரே. ஏன் யாரும் கேக்கல?"

பேபிக்கு வாய் அடைத்துப்போனது. அவள் வாழ்க்கையில் அப்படி நடந்ததை யாரும் பார்த்ததில்லை. பக்கத்தில் நஜ்மா உட்கார்ந்திருந்தாள். கையைத் தூக்கியவள் அவள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். பேபி அந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள்.

நஜ்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "யாருக்கும் தோணல சார்" என்றாள்.

அவ்வளவுதான். அடுத்த வருஷம் எழுதுங்கள் என்றார் ஜானகிராமன். பேபிக்கு வயது தாண்டிவிடும் என்பதைப் பிறகு அவரே கவனித்துவிட்டு, வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

மேஜைக்குச் சர்டிபிகேட் வைத்திருந்த புது ஆட்கள் வந்தார்கள். பேபியும் மற்ற நால்வரும் பழையபடி பேக்கிங்குக்குப் போனார்கள். கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால் நஜ்மாவுக்கு அங்கேயும் இடமில்லை என்று நிறுத்திவிட்டார்கள். ஐ.எஸ்.ஓ. வந்தது, கேசரி கொடுத்தார்கள். பேபி தன் பங்கை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஒரு வருஷம் அவள் எல்லோரையும் திட்டினாள். டிரஸ்டைத் திட்டினாள், டை கட்டியவனைத் திட்டினாள், ஆடிட்டரைத் திட்டினாள். திட்டு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரு கையில் வந்து நின்றது. வலது கை, கண்ணாடி வளையல் போட்டது, தூக்கப் போனது. அதைப் பிடித்து இழுத்தவளைத் திட்ட பேபிக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

மறு வருஷம் ஆவடி ஸ்டேஷனில் மறுபடி அந்தப் பலகையைப் பார்த்தாள். தேர்வுத் தேதி ஒட்டியிருந்தது. அன்றைக்கே பஸ் பிடித்து பூந்தமல்லிக்குப் போனாள்.

நஜ்மா வீட்டில் ரெடிமேட் ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வஹீதுன்னிசா பாய் விரித்துப் போட்டார். பேபி உட்காரவில்லை.

"பரீச்ச எய்தப் போற. எந்திரி."

"எனக்கு எதுக்குக்கா? அந்த மேஜதான் போயிடுச்சே."

"எஸ்டேட்ல அது ஒண்ணுதான் மேஜையா? சர்டிபிகேட் இருந்தா எந்தக் கம்பெனிக்காரனும் எடுப்பான். உனக்கு வயசு கீது. எனக்குத்தான் இல்ல."

நஜ்மா ஊசியில் நூலைக் கோத்தாள். பேபிக்குத் தாங்கவில்லை.

"ஏன்மே அன்னிக்கு என்னைக் காட்டிக் குடுக்கல? அந்தாளு கேக்கசொல்ல சொல்லியிருக்கலாம் இல்ல, இவதான் கையப் புடிச்சி இய்த்தான்னு. சொல்லியிருந்தா ரெண்டு நாளு உன்ன திட்டிட்டு உட்டுட்டிருப்பேன். சொல்லாம உட்டுட்டு ஒரு வருஷமா எனக்குச் சோறு எறங்காம பண்ணிட்ட."

வஹீதுன்னிசா மகளைப் பார்த்தார். இப்படி மன்னிப்புக் கேட்கிறவளை அந்த அம்மா பார்த்ததில்லை.

"நீ இழுத்தது நெசந்தான்க்கா" என்றாள் நஜ்மா. "நான் திருப்பித் தூக்கியிருக்கலாம். அத நெனச்சித்தான் எனக்கும் சோறு எறங்கல."

பேபி அப்போதுதான் பாயில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஹூக் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"உனக்கு இப்போ தெரியும், எதுல போடணும்னு. தெரிஞ்சாலும் கேளு. ஹால்ல கீற அல்லாருக்கும் கேக்கற மாதிரி கேளு. சிரிச்சா சிரிக்கட்டும்."

தேர்வன்று பேபி லீவு போட்டாள். ஞாயிறு ஓவர்டைமுக்கு ஏன் வரவில்லை என்று கேட்ட கோதண்டத்துக்குக் காரணம் சொல்லவில்லை. கல்லூரி வாசலில் வாட்ச்மேன் துலுக்கானம் உள்ளே விட மறுத்தார். அவரோடு கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டு, காம்பவுண்டு ஓரமாக, ஜன்னல் தெரிகிற இடத்தில் போய் நின்றாள். அதே ஹால். அதே டை. மூன்றாவது பெஞ்சில் நஜ்மா.

தாளைக் கொடுத்தார்கள். பென்சிலைக் கொடுத்தார்கள். "இன்ஸ்ட்ரக்‌ஷன் படிச்சுட்டு ஆரம்பிங்க" என்ற குரல் கேட்டது. எல்லோரும் குனிந்தார்கள். நஜ்மாவும் குனிந்தாள். பேபி எக்கிப் பார்த்தாள். கேட்க மாட்டாளோ? பயந்துவிட்டாளோ? இவளை நம்பி வந்தேனே என்று பல்லைக் கடித்தாள்.

நஜ்மா கையைத் தூக்கினாள்.

"என்ன?" என்றான் டை கட்டியவன்.

நஜ்மா எழுந்து நின்றாள். "சார், மேல இங்கிலீஷ்ல போட்டிருக்கறது புரியல. வட்டம் எதுல போடணும்? சரியானதுலயா, தப்பானதுலயா? ஒண்ணு போடணுமா, மூணு போடணுமா? தமிழ்ல சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

முன் பெஞ்சில் சிரித்தார்கள். அவன் பெருமூச்சு விட்டான். "இது கூடவாம்மா தெரியாது?" என்றான். நஜ்மா உட்காரவில்லை. கையையும் இறக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவன் எழுந்து வந்தான். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு வட்டம், சரியான பதிலில் மட்டும், தப்பானதைத் தொடக்கூடாது என்று உரக்கச் சொன்னான், தமிழில்.

கடைசி பெஞ்சில், கம்பெனிக் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் தலையை நிமிர்த்தினார். தன் தாளைப் பார்த்தார். அவசர அவசரமாக ரப்பரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். மூன்று இடத்தில் தேய்த்தார்.

பேபிக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததற்காகக் கோபமும் வந்தது. "இத போன வருஷம் சொல்றதுக்கு இன்னாடா கேடு உனக்கு" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். துலுக்கானம் ஓடி வந்து அவளைத் தெருப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை நஜ்மாவின் கை மேலேயே இருந்தது. போன வருஷம் பேபி பிடித்துக் கீழே இழுத்த கை அது.